கூகுள் மேப்ஸ் லிஸ்ட்: ஊர் ஊராகச் சாப்பிடுகிறவளின் ரிவ்யூ

ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின் பொருத்துவதும், கெட்டுப்போனால் சரிசெய்வதும் என் தொழில். மெஷின் இருக்கும் இடத்துக்கு நான்தான் போக வேண்டும். வேலை எப்போது முடியும் என்று சொல்ல முடியாது, முடிந்ததும் பசிக்கும். தெரியாத ஊர், தெரியாத தெரு, கூட யாரும் இல்லை. இந்த நிலையில் நல்ல சாப்பாடு தேடித்தர எத்தனையோ ஆப்கள் இருக்கின்றன. அவற்றில் நான் விடாமல் வைத்திருப்பது ஒன்றே ஒன்று, கூகுள் மேப்ஸ். அதிலும் அதன் ஸ்டார்களை நம்பி இல்லை. ஓரத்தில் இருக்கிற, பலரும் தொட்டுக்கூடப் பார்க்காத லிஸ்ட் வசதிக்காக. இந்த ரிவ்யூ அதற்குத்தான்.

தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மேப்ஸில் ஒரு ஓட்டலைத் தட்டினால் ‘சேவ்’ என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் எந்த லிஸ்டில் போடட்டும் என்று கேட்கும். ‘ஃபேவரிட்ஸ்’, ‘வான்ட் டு கோ’ என்று அவர்களே சில லிஸ்ட் வைத்திருப்பார்கள். நாமும் புதிதாகத் தொடங்கி நம் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் கீழே ஒரு நோட் எழுதலாம். லிஸ்டை நாம் மட்டும் பார்ப்பதுபோல் வைக்கலாம், லிங்க் இருக்கிறவர்கள் பார்ப்பதுபோல் வைக்கலாம், எல்லோருக்கும் திறந்தும் விடலாம். லிங்க் கொடுக்கும்போது ‘இவர்களும் இதில் சேர்க்கலாம், மாற்றலாம்’ என்று அனுமதிக்கவும் முடியும். காசு கிடையாது. சேவ் செய்த இடமெல்லாம் வரைபடத்திலேயே குறியாகத் தெரியும். ஒரு ஊருக்குள் வண்டி நுழையும்போது வரைபடத்தைப் பெரிதாக்கினால் போதும். ஏற்கெனவே அந்தப் பக்கம் போன நம் ஆள் யாராவது குறித்து வைத்திருந்தால் கண்ணில் பட்டுவிடும்.

எங்கள் லிஸ்டில் எழுதுகிறவர்கள் கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். என்னைப்போலவே மெஷின் வேலையாகச் சுற்றும் ஓர் அண்ணன், கல்லூரித் தோழி, அவளுடைய மாமியார், என் சித்தப்பா மகன். தோழியின் மாமியார்தான் இதில் பெரிய சொத்து. நாற்பது பேருக்குத் தன் கையால் சமைத்துப் போட்ட அனுபவம் உள்ளவர். ஒரு ஓட்டலில் ஒரு வாய் வைத்ததும், எண்ணெய் நேற்றையதா இன்றையதா, மசாலா வறுத்து அரைத்ததா பாக்கெட்டா என்று சொல்லிவிடுவார். அவர் எழுதும் நோட் இரண்டே வரிதான் இருக்கும். "மதியம் மட்டும் போ. மீன் நல்லா இருக்கு, மத்தது வேண்டாம். ஒரு மணி தாண்டினா அடியில கிடக்கிறதுதான் வரும்." இந்த இரண்டு வரியில் எனக்கு வேண்டிய எல்லாம் வந்துவிட்டது: எப்போது போவது, எதைக் கேட்பது, எதைத் தவிர்ப்பது. இதே ஓட்டலுக்குக் கீழே அந்நியர்கள் எழுதியிருந்த நூற்றுக்கணக்கான ரிவ்யூவில் ‘சூப்பர்’, ‘நைஸ் ஆம்பியன்ஸ்’, ‘மஸ்ட் ட்ரை’ தவிர எனக்கு உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை.

எதை மஸ்ட் ட்ரை? எந்த நேரத்தில்? சொன்னவர் வழக்கமாக என்ன சாப்பிடுகிறவர்? இந்த மூன்றும் தெரியாமல் ஒரு பரிந்துரையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரே ஓட்டலில் ஒரு பதார்த்தம் பிரமாதமாகவும் பக்கத்துப் பதார்த்தம் வாயில் வைக்க முடியாததாகவும் இருப்பது சாதாரணம். ஏனென்றால் இரண்டையும் செய்வது வேறு வேறு கை. காலையில் அடுப்பில் நிற்கிறவர் இரவில் நிற்பதில்லை. வாரத்தில் ஒருநாள் பெரிய சமையல்காரர் லீவு எடுப்பார். ஓட்டலுக்கு மொத்தமாக ஒரு மார்க் போட்டால் இதெல்லாம் அதற்குள் காணாமல் போய்விடுகிறது.

அந்த மார்க்கைப் பற்றிக் கொஞ்சம் கணக்கோடு பேச வேண்டும். ஒரு ஓட்டலுக்கு 2,000 ரிவ்யூ, சராசரி 4.4 என்று வையுங்கள். நல்ல சமையல்காரர் போய்விட்டார், ருசியும் போய்விட்டது. அடுத்து வந்த 100 பேர் கோபத்தில் ஆளுக்கு ஒரு ஸ்டார் மட்டும் போடுகிறார்கள். சராசரி எவ்வளவு ஆகும்? 4.2. அவ்வளவுதான் இறங்கும். நூறு பேர் வயிறெரிந்து எழுதியும், புதிதாக வருகிறவர் கண்ணுக்கு அது இன்னும் நல்ல ஓட்டல்தான். புதிதாகத் திறந்து 40 ரிவ்யூ வாங்கிய இடத்துக்கோ நேர்மாறான கதை. அதற்கும் சராசரி 4.4 என்றால், இரண்டே பேர் பார்க்கிங் கிடைக்காத கடுப்பில் ஒரு ஸ்டார் போட்டாலே அதே 4.2-க்கு இறங்கிவிடும். பழைய பெரிய இடம் தன் பழைய பெயரில் ஓடுகிறது. புதிய சின்ன இடம் ஒவ்வொரு நாளும் பரீட்சை எழுதுகிறது.

இந்தப் பொடி வித்தியாசத்தை வைத்துத்தான் ஜனங்கள் முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோ ஓட்டல்களை வைத்து மைக்கேல் ஆண்டர்சன், ஜெரமி மக்ரூடர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள், 2012-இல் வெளிவந்தது. ஓட்டல்களுக்கு ஜனங்கள் ரிவ்யூ எழுதும் அமெரிக்கத் தளமான யெல்ப், அப்போது சராசரியை அரை ஸ்டாருக்கு முழுமைப்படுத்திக் காட்டும். 3.24 வாங்கிய ஓட்டல் 3 ஸ்டாராகத் தெரியும், 3.26 வாங்கியது மூன்றரையாகத் தெரியும். உண்மையில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆனாலும் அந்த அரை ஸ்டார் கூடுதலாகத் தெரிந்த ஓட்டல்களில், மாலை நேர மேஜைகள் முழுவதும் நிரம்பிப்போவது 19 சதவீதப் புள்ளி அதிகம், அதாவது நூற்றுக்குப் பத்தொன்பது தடவை கூடுதல். சமையலில் எந்த மாற்றமும் இல்லாமலே, முழுமைப்படுத்துகிற கணக்கு ஒன்றினாலேயே கூட்டம் அந்தப் பக்கம் போயிருக்கிறது. அதே யெல்ப்பை வைத்து ஹார்வர்டின் மைக்கேல் லூகா 2011-இல் செய்த ஆய்வில், ஒரு ஸ்டார் கூடினால் தனி ஓட்டல்களின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. எல்லா ஊரிலும் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனி ஓட்டல்களுக்கு இந்த விளைவு தெரியவில்லை. ஸ்டாரால் வாழ்வதும் சாவதும் சின்ன இடங்கள்தான். இதைப் படித்த பிறகு, ஒரு சின்ன இடத்துக்கு நான் போடும் ரிவ்யூவை இருமுறை படித்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

இவ்வளவு பணம் இருக்கிற இடத்தில் பொய் நுழையாமல் இருக்குமா? 2017-இல் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் லண்டனில் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓட்டல் என்று ட்ரிப் அட்வைசர் என்ற ரிவ்யூத் தளத்தில் பதிந்து, நண்பர்களை வைத்துப் பொய் ரிவ்யூ எழுதவைத்து, லண்டன் ஓட்டல்களின் பட்டியலில் முதலிடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். சாப்பாட்டுப் படங்களில் இருந்த நுரை, ஷேவிங் நுரை. அதுவரை அங்கே யாரும் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. 2023-இல் மட்டும் விதிமீறிய 17 கோடிக்கும் மேற்பட்ட ரிவ்யூக்களைத் தடுத்தோம் அல்லது நீக்கினோம் என்று கூகுளே சொல்கிறது. அமெரிக்காவில் பொய் ரிவ்யூவை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பில்லோடு சேர்த்து ஒரு அட்டையை நீட்டி, "அஞ்சு ஸ்டார் போட்டா இனிப்பு இலவசம் மேடம்" என்று கேட்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். இப்படிப் பொருள் கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுளின் விதிக்கும் விரோதம். அந்த மாதிரி இடத்தில் சாப்பாடு நன்றாகவே இருந்தாலும் பொதுவில் நான் எழுதுவதில்லை. எங்கள் லிஸ்டில் மட்டும் எழுதுவேன், அட்டை நீட்டினார்கள் என்பதையும் சேர்த்து.

அதற்காக அந்நியர்களின் ரிவ்யூவை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. எங்கள் ஆள் யாரும் மிதிக்காத ஊர்கள்தான் அதிகம். அங்கே அதை எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன். லிஸ்டுக்குள் எதைச் சேர்ப்பது என்பதும் இதை வைத்துத்தான்.

ரிவ்யூக்கள் முதலில் ‘மோஸ்ட் ரெலவன்ட்’ என்ற வரிசையில் வரும். அதை உடனே ‘நியூவெஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். கடைசி இரண்டு மூன்று மாதத்தில் வந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் இன்று என் தட்டில் விழப்போகிறது. அடுத்து ‘லோவஸ்ட்’. ஒரு ஸ்டார் போட்டவர்களைப் படிப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏன் திட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். "அரை மணி நேரம் காக்க வைத்தார்கள்" என்றால் அப்போதைக்கு அப்போது சமைக்கிறார்கள் என்றும் பொருள்கொள்ளலாம். "அளவு கம்மி", "ஏசி இல்லை", "சர்வர் சிரிக்கவில்லை" என்பதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. "ராத்திரி முழுக்க வயிறு சரியில்லை" என்று, ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர் வேறு வேறு மாதத்தில் எழுதியிருந்தால் அந்த வாசல் பக்கமே போகமாட்டேன், மொத்த மார்க் என்னவாக இருந்தாலும்.

ரிவ்யூக்களுக்குள் ஒரு சொல்லைத் தேடும் வசதியும் உண்டு. நான் முதலில் அடிப்பது ‘பழசு’. பிறகு அந்த ஊரின் மொழியில் அதற்கான சொல். தோழி சைவம், அவள் ‘தனிப் பாத்திரம்’ என்று தேடுவாள். அண்ணனுக்குச் சர்க்கரை; அவர் எதிலெல்லாம் இனிப்புச் சேர்க்கிறார்கள் என்று தேடுவார். ஒருவர் எழுதிய ரிவ்யூ நிறைவாக இருந்தால் அவர் பெயரைத் தட்டி, வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பார்ப்பேன். எல்லா இடத்துக்கும் ஐந்து ஸ்டார், அதுவும் ஒரே வாரத்தில் நாலு ஊரில், என்றால் கடந்துபோய்விடலாம். மூன்று ஸ்டார் போட்டும், எதனால் மூன்று என்று விளக்கியும் இருந்தால் அவர் என் ஆள்.

படங்களில் ஓட்டல்காரர் போட்ட படத்தைத் தாண்டி, சாப்பிட வந்தவர்கள் எடுத்த மங்கலான படங்களைப் பாருங்கள். மெனு அட்டையைப் படமெடுத்துப் போடுகிறவர்களுக்குக் கோடி நன்றி. என்னைப்போல் பில்லைக் கம்பெனியில் காட்டிப் பணம் வாங்குகிறவர்களுக்கு அந்த ஒரு படம் போதும். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களையும் கவனிப்பேன். தனியாகச் சாப்பிடும் பெண்கள் படத்தில் இருந்தால், ராத்திரி ஒன்பது மணிக்கு நானும் தயங்காமல் உள்ளே போகலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். எந்த ரிவ்யூவும் இதை எழுதித் தருவதில்லை. நேரம் பொறுத்துக் கூட்டம் எப்படி என்று காட்டும் பட்டை ஒன்றும் உண்டு. அதில் கூட்டம் ஏறத் தொடங்கும் நேரத்தில் போய்ச் சேருவது நல்லது. முதல் பந்திச் சாப்பாடு சூடாக இருக்கும், மேஜையும் கிடைக்கும். கடைசியாக, போய் நிற்பதற்கு முன் ஒரு போன். மேப்ஸில் ‘ஓப்பன்’ என்று இருக்கும், வாசலில் பூட்டுத் தொங்கும். போனை எடுக்கிறவர் "வாங்க, இருக்கு" என்று சொல்லும் தொனியிலேயே பாதி தெரிந்துவிடும்.

எங்கள் லிஸ்டுக்குத் திரும்பி வருகிறேன். ஆட்களை அறிந்து படிப்பதில்தான் அதன் பலமே இருக்கிறது. அண்ணனுக்குக் காரம் ஆகாது. அவர் "கொஞ்சம் காரம்" என்று எழுதினால் எனக்கு அது அளவாக இருக்கும். "ரொம்பக் காரம், கண்ணில் தண்ணி" என்று எழுதினால் நான் ஆசையோடு கிளம்பிவிடுவேன். சித்தப்பா மகன் இளவட்டம், அளவைத்தான் முதலில் பார்ப்பான். அவன் "செம" என்றால் வயிறு நிறையும் என்று அர்த்தம், ருசிக்கு வேறு ஆளைக் கேட்க வேண்டும். இவர்கள் நாக்கு எனக்குத் தெரியும் என்பதால் அவர்கள் தப்பாகச் சொன்னாலும் எனக்குச் சரியான வழி கிடைத்துவிடுகிறது. பெயர் தெரியாத ஆயிரம் பேரின் சராசரியில் இந்தச் சரிக்கட்டல் செய்ய வழியே இல்லை.

எழுதி எழுதி எங்களுக்குள் சில வழக்கங்கள் வந்துவிட்டன. சாப்பிட்ட பதார்த்தத்தின் பெயர் இல்லாமல் நோட் கூடாது. வேளை எழுத வேண்டும். எங்கே உட்காரலாம் என்பதைத் தெரிந்தால் எழுத வேண்டும் ("மாடிக்குப் போகாதே, சமையலறைப் புகை அங்கேதான் வருது"). கழிப்பறை பற்றி ஒரு சொல். இதை நானும் தோழியும் பிடிவாதமாகச் சேர்த்தோம், ஊர் ஊராகச் சுற்றும் பெண்களுக்கு இது சாப்பாட்டுக்குச் சமமான விஷயம். யாருக்கு ஒத்துவராது என்றும் எழுத வேண்டும். பின்னால் போகிறவரை அதிகம் காப்பாற்றுவது இந்தக் கடைசி வழக்கம்தான். "அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போகாதே, படி செங்குத்து" என்று ஒரு நோட் இருக்கிறது. அந்த இடத்துக்கு மேப்ஸில் 4.6.

சாலையில் திரிகிறவர்கள் இப்படிக் குறித்துவைத்துப் பகிர்வது புதிதல்ல. அமெரிக்காவில் டங்கன் ஹைன்ஸ் என்று ஒருவர் இருந்தார். இன்று அது கேக் மிக்ஸ் டப்பாவின் பெயராகத்தான் பலருக்குத் தெரியும். அவர் அச்சக வேலையாக ஊர் ஊராகப் போன விற்பனையாளர். போகும் இடங்களில் நன்றாக இருந்த ஓட்டல்களைக் குறித்து வைத்துக்கொண்டார். 1935 கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டைக்குப் பதிலாக, 167 ஓட்டல்கள் கொண்ட பட்டியலை அச்சடித்து நண்பர்களுக்கு அனுப்பினார். கேட்டு எழுதியவர்கள் பெருகிப்போய், அடுத்த ஆண்டே அதைப் புத்தகமாகப் போட வேண்டிவந்தது. அவர் பெயரைச் சொல்லிப் பலகை மாட்டிக்கொள்ள ஓட்டல்காரர்கள் ஆசைப்பட்டார்கள். 1979-இல் நியூயார்க்கில் டிம், நீனா ஸகாட் என்ற வக்கீல் தம்பதியும் இப்படித்தான் நண்பர்களிடம் கேட்டுத் தொகுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும்: சாப்பாட்டுக்குத் தனி, இடத்தின் அழகுக்குத் தனி, உபசரிப்புக்குத் தனி என்று ஒவ்வொன்றுக்கும் 30-க்கு மார்க் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு 26, அலங்காரத்துக்கு 9 வாங்கிய ஓட்டல் என்றால் அது எப்படிப்பட்ட இடம் என்று உடனே தெரிந்துவிடும் இல்லையா? நான் தேடி ஓடுவது அந்த மாதிரி இடத்தைத்தான். அவர்கள் தொடங்கிய ஸகாட் நிறுவனத்தை 2011-இல் கூகுள் வாங்கி, 2018-இல் விற்றுவிட்டது. மேப்ஸின் ஒற்றை ஸ்டாரைப் பார்க்கும்போதெல்லாம், கையில் வந்த அந்த மூன்று தனித்தனி மார்க்கை விடாமல் வைத்திருக்கலாமே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

லிஸ்டில் குறைகள் இருக்கின்றன. எங்கள் வேலைக்குப் பெரிய குறை, நோட் எழுதிய தேதி அதன் பக்கத்தில் தெரியாதது. சமையல் விஷயத்தில் தேதி இல்லாத தகவல் அரைத் தகவல். அதனால் நாங்களே மாதமும் வருடமும் கடைசியில் எழுதிவிடுகிறோம். இரண்டு வருடம் தாண்டிய நோட்டை யாராவது மறுபடி போய்ப் பார்த்து உறுதிசெய்யும்வரை நம்புவதில்லை. காலைச் சாப்பாடு, சைவம், தனியாகப் போகலாம் என்று அடையாளம் ஒட்டிப் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. லிஸ்ட் நீண்டுவிட்டால் போனில் உருட்டுவது பெரும்பாடு. நாங்கள் ஊருக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம்.

பொதுவில் திறந்துவிடலாமா என்பதில் எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. நல்லதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பது சித்தப்பா மகன் கட்சி. ஒரு அம்மா தனியாளாக நடத்தும் சின்ன இடம் ஒன்று லிஸ்டில் இருக்கிறது, நாலே மேஜை. அதைப் பொதுவில் போட்டால் அவர் தாங்குவாரா என்று எனக்குக் கவலை. அடுத்தமுறை போனபோது அவரிடமே கேட்டுவிட்டேன். "வரட்டும்மா, ஆளு வந்தாத்தானே பொழப்பு. ஞாயித்துக்கிழமை மட்டும் சொல்லாதீங்க, அன்னிக்கு உதவிக்கு ஆள் இல்ல" என்றார். நோட்டில் அப்படியே எழுதி, அந்த ஒரு இடத்துக்குப் பொது ரிவ்யூவும் போட்டேன். எங்கள் முழு லிஸ்ட் இன்றும் லிங்க் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். ஒரு இடத்தைப் பற்றி ஊருக்குச் சொல்வதற்கு முன் அதை நடத்துகிறவரைக் கேட்பது, சின்ன இடங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிறேன்.

கூகுளின் ‘டேக்அவுட்’ வழியாக, சேவ் செய்த லிஸ்டுகளை இடத்தின் பெயர், நோட், லிங்க்கோடு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். வருடப் பிறப்பன்று நான் அதைச் செய்துவிடுவேன். இத்தனை பேர் நாக்கும் காலும் உழைத்துச் சேர்த்தது ஒரு கணக்குக்குள் மட்டும் இருக்கக்கூடாது.

ஆக, அடிக்கடி வெளியே சாப்பிடுகிறவர்களுக்கு, நம்பும்படியான நாலு பேர் கூட இருந்தால், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தொடங்கும்போது புது ஊரில் தொடங்காதீர்கள். உங்கள் வீட்டைச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு போகும் ஐந்து இடங்களைப் பதார்த்தத்தின் பெயரோடும் வேளையோடும் எழுதி நண்பர்களுக்கு அனுப்புங்கள். அவர்களும் அவரவர் ஐந்தைச் சேர்க்கட்டும். நோட் எழுதாமல் இடத்தை மட்டும் சேர்க்கிறவர்கள்தான் கூட்டத்தில் அதிகம் என்றால் லிஸ்டே வேண்டாம், பசிக்கும்போது அவர்களுக்குப் போன் போட்டு, "அங்கே என்ன சாப்பிட்டே?" என்று கேட்டுவிடுவது மேல்.